அத்தியாயம் 6: சின்ன டெஸ்லா சுருளும் பெரிய அலைக் கதைகளும்

பாடாங் செராயிலிருந்து தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தான். "அண்ணே, ரெண்டு மணி நேரம் எல்இடி எரிஞ்சுச்சு. இப்ப பேட்டரிய அளந்தா வோல்ட் ஏறிக்கிட்டே போகுது!" விஞ்ஞானி டெஸ்லாவின் இலவச மின்சார ரகசியம் தன் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது என்ற நினைப்பில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "எரியும்போது அளந்தியா, ஆஃப் பண்ணிட்டு அளந்தியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சூடு ஆறட்டும்னு ஆஃப் பண்ணிட்டுத்தாண்ணே அளந்தேன்."

சுமையை இறக்கி வைத்த ஆள் கொஞ்சம் நிமிர்வதைப் போல, வேலை நின்றதும் பேட்டரியின் வோல்ட்டும் கொஞ்சம் நிமிரும். உள்ளே ரசாயனம் சமநிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். தம்பி பொய் சொல்லவில்லை. மீட்டர் காட்டியதைத்தான் சொன்னான்.

இந்த அத்தியாயத்தில் பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய உயர் மின்னழுத்தச் சுருளைச் செய்யப் போகிறோம். பிறகு எந்த உலோகமும் தடுக்காது என்று சொல்லப்படும் ஸ்கேலார் அலை, நெட்டலை, ஒற்றைக் கம்பி மின்சாரம், இலவச மின்சாரம் என்று காதில் விழும் சங்கதிகளை அதே சுருளை வைத்துச் சோதிக்கப் போகிறோம். நம்புவதும் நம்பாததும் சோதனைக்குப் பிறகு உங்கள் பாடு.

1996-இல் தமிழ்நாட்டில் மூலிகை பெட்ரோல் பரபரப்பு வந்தது பலருக்கு நினைவிருக்கும். தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கலக்கினால் எரிபொருள். கலக்கிய குச்சிக்குள்ளேதான் சங்கதி இருந்தது என்று பிறகு பேசப்பட்டது. நம் சோதனைகளில் ஏமாற்றுக்காரர் யாரும் இல்லை. ஆனாலும் குச்சி உண்டு. அது ஒரு வயராக இருக்கும், உங்கள் கையாக இருக்கும், சில நேரம் மீட்டராகவே இருக்கும்.

முதலில், செய்யக்கூடாதவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் சும்மா கிடைக்கும் என்பதுதான் அதன் ஆபத்து. ஏறக்குறைய 2000 வோல்ட், அரை ஆம்பியர் அளவு மின்னோட்டம். இதை வைத்து மரத்தில் மின்னல் கோலம் போடப் போய் வெளிநாடுகளில் பலர் செத்திருக்கிறார்கள். அதே அடுப்பிலுள்ள கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பழைய டிவியின் பின்பக்கமும் வேண்டாம். கலர் படக்குழாய்க்குப் போகும் வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் எந்தச் சுருளும் வேண்டாம். "வீட்டுல இ.எல்.சி.பி. இருக்குல்ல, டிரிப் ஆயிடும்" என்று சொல்லாத ஆளே இல்லை. அந்தக் கருவி, லைவ் வயரில் போனது நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மரின் அந்தப் பக்கத்தில் உயர் மின்னழுத்தம் ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் இந்தப் பக்கம் கணக்கு சரியாகவே இருக்கும். அது டிரிப் ஆகாது.

இடி முழங்கி இருட்டும் நேரத்தில் வெளியே வயர் கட்ட வேண்டாம். ஜெராய் மலைமேல் கருமேகம் கவிழ்ந்தால் பீடோங், சுங்கை பட்டாணி பக்கம் அடுத்த ஒரு மணி நேரம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலச் சோதனையே வேண்டாம், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இடிமேகத்திலிருந்து மின்சாரம் இறக்கிப் பார்க்கக் கம்பி கட்டிய ரிச்மன் என்ற விஞ்ஞானி 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அங்கேயே விழுந்து இறந்தார். அவர் கற்றுக்குட்டி இல்லை, பேராசிரியர்.

பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப், காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் அறையிலேயே இருக்கக்கூடாது. தாத்தா, பாட்டியைக் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடுவோம். "உயர் அதிர்வெண் மின்சாரம் தோலுக்கு மேலேயே ஓடிவிடும், உள்ளே போகாது" என்பார்கள். செம்புக் கம்பிக்கு அது சரி. மனித உடம்பு செம்பு இல்லை. நம் சுருளின் அதிர்வெண்ணில் மின்சாரம் தசைக்குள் ஓரடி ஆழம்வரை இறங்கும், அதாவது உடம்பு முழுக்க. ஷாக் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. அவ்வளவு வேகமான அதிர்வை நரம்பு உணர்வதில்லை. வலி தெரியாமலே சதை வேகும். என் வலது ஆள்காட்டி விரலில் அரிசி அளவில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. சுருளின் உச்சியை ஒரு வினாடி தொட்டதற்கான ரசீது அது. அதுவும் பேட்டரியில் ஓடிய சுருள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வானலை ஒலிபரப்பு செய்வது மலேசியாவில் குற்றம். இதைக் கண்காணிப்பது எம்.சி.எம்.சி. ஆணையம். நம் சுருள் சிற்றலை வரிசையில் கத்தும் பிராணி. ஆகவே ஆன்டெனா மாட்டக்கூடாது, வெளியே வயர் இழுக்கக்கூடாது, ஒரு தடவைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. உண்மையிலேயே அலை அனுப்பும் ஆசை இருந்தால் அதற்கு நேர்வழி இருக்கிறது. அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி, 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்குங்கள். இந்த அத்தியாயத்தில் பாதி அந்தப் பாடத்தில் வருவதுதான்.

என்னென்ன வேண்டும்

- 25 மி.மீ. வெள்ளை கான்டியூட் பைப், ஒரு சாண் நீளம். ஹார்ட்வேர் கடையில் வயரிங் வேலைக்கு விற்பது.
- 0.25 மி.மீ. எனாமல் செம்புக் கம்பி, 30 மீட்டர். மோட்டார் வைண்டிங் கடையில் கேளுங்கள், மிச்சக் கட்டை இருந்தால் சல்லிசாகத் தருவார்கள்.
- பிளாஸ்டிக் உறை போட்ட வீட்டு வயர், 1 மீட்டர்.
- பிடி139 டிரான்சிஸ்டர், அதற்கு ஒரு சின்ன அலுமினிய ஹீட் சிங்க். இரண்டு டிரான்சிஸ்டர் வாங்குங்கள், முதலாவது எப்படியும் போகும்.
- 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1என்4148 டயோடு ஐந்து, சிவப்பு எல்இடி மூன்று, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று.
- ஏஏ பேட்டரி ஆறு போடும் பெட்டி, சுவிட்ச், 1 ஆம்பியர் ஃபியூஸ்.
- காய்ந்த பலகை, அலுமினியத் தாள், உலோக மூடியுள்ள மைலோ டின், ஓரடி மரக்குச்சி.
- 3 மெகாஹெர்ட்சிலிருந்து கேட்கும் சிற்றலை ரேடியோ. அப்பா காலத்துப் பெட்டி தோட்டத்து வீட்டுப் பரணில் இருந்தால் அதுவே போதும்.
- பழைய டெஸ்ட் பென் ஒன்று. உள்ளேயிருக்கும் நியான் விளக்கு மட்டும்தான் நமக்கு வேண்டும். பிரித்த டெஸ்ட் பென்னைத் திரும்ப மூட்டி வீட்டு வயரைச் சோதிக்கக் கூடாது. தூக்கிப் போடுங்கள்.

கார் பேட்டரியோ மோட்டார் சைக்கிள் பேட்டரியோ வேண்டாம். வயர் தவறி உரசினால் நூறு ஆம்பியருக்கு மேல் கக்கும்.

சுருளைச் சுற்றுதல்

1. பைப்பின் இரண்டு முனைக்கும் பக்கத்தில் ஊசித் துளை போடுங்கள். கம்பியின் நுனியைக் கீழ்த்துளை வழியாக நுழைத்து, ஒரு சாண் மிச்சம் விட்டு டேப் ஒட்டுங்கள்.

2. ஒரே திசையில், சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றாக, 300 சுற்று. ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. அவசரம் வேண்டாம், முக்கால் மணி நேரம் ஆகும். ஐம்பது சுற்றுக்கு ஒரு தடவை டேப் ஒட்டி நோட்டில் ஒரு கோடு போடுங்கள். நடுவில் போன் வந்து எண்ணிக்கையை மறந்தவர்களில் நானும் ஒருவன். முடியும்போது சுருள் எட்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

3. மேல் நுனியை வெளியே எடுத்துப் பைப்பின் தலையில் நிறுத்துங்கள். நகப்பூச்சு ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள்.

4. இரண்டு நுனியிலும் எனாமலை உப்புத்தாளால் சுரண்டுங்கள். செம்பு பளபளக்க வேண்டும். "சுருள் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைச் சரியாகச் சுரண்டாதவர்கள்.

5. பைப்பைப் பலகையில் நிமிர்த்தி ஒட்டுங்கள். வீட்டு வயரை அடிப்பக்கத்தில், சுருளைத் தொடாமல் அரை விரல் இடைவெளி விட்டு, 4 சுற்று சுற்றுங்கள். இது முதன்மைச் சுருள்.

இணைப்பு

1. பிடி139-இன் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். முதுகில் தெரியும் உலோகம் கலெக்டரோடு சேர்ந்தது. அதனால் ஹீட் சிங்க் வேறு எதையும் தொடக்கூடாது.

2. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், சுவிட்ச், பிறகு முதன்மைச் சுருளின் ஒரு நுனி. மறு நுனி கலெக்டருக்கு.

3. சுவிட்சைத் தாண்டிய பாசிட்டிவிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர், பேஸுக்கு.

4. 300 சுற்றுச் சுருளின் கீழ் நுனியும் அதே பேஸுக்கு.

5. ஒரு டயோடு: கறுப்புக் கோடு உள்ள முனை பேஸில், மறு முனை எமிட்டரில்.

6. எமிட்டர் பேட்டரி நெகட்டிவுக்கு.

7. கெப்பாசிட்டரைப் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே, டிரான்சிஸ்டருக்கு மிக அருகில் வையுங்கள்.

8. மேல் நுனியில் எதுவும் வேண்டாம். கோலிக்குண்டு அளவு அலுமினியத் தாள் உருண்டையைத் தனியாக எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் ஓட்டம்

போனையும் லேப்டாப்பையும் அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள். மோதிரம், கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஈர சிமெண்டுத் தரையில் நிற்காதீர்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும்.

நியான் விளக்கை மரக்குச்சியின் நுனியில் டேப் போட்டு ஒட்டி, சுவிட்சைப் போட்டு, சுருளின் உச்சிக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் நீட்டுங்கள். எந்த வயரும் தொடாமல் ஆரஞ்சு நிறத்தில் எரியும். வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். காட்டுங்கள், ஆனால் குச்சியைக் கைமாற்ற வேண்டாம்.

எரியவில்லையா? உடனே ஆஃப் செய்யுங்கள். முதன்மைச் சுருளின் இரண்டு நுனிகளையும் இடம் மாற்றுங்கள். பத்தில் ஏழு தடவை கோளாறு இதுதான். அப்படியும் வரவில்லை என்றால் எனாமல் சுரண்டல், அதன்பிறகு டயோடின் திசை, கடைசியாக டிரான்சிஸ்டர். ஐந்து வினாடியில் டிரான்சிஸ்டர் கை வைக்க முடியாத அளவு சுட்டால் அது ஆடவில்லை, சும்மா காய்கிறது என்று அர்த்தம்.

தத்துவம், ஒரே ஒரு பத்தி

சுருளின் அதிர்வெண் ஏறக்குறைய 4 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த அலையின் நீளம் 75 மீட்டர். பழைய லயத்து வீட்டு வரிசை ஒன்றின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே ஓர் அலை படுத்துக்கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசைமேல் நடப்பது எல்லாம் அந்த அலை அலையாக உருவெடுப்பதற்கு முந்தைய கட்டம், அண்மைப் புலம். அங்கே மின்புலம் முன்னும் பின்னும், மேலும் கீழும் என்று எல்லாத் திசையிலும் இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அலையே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு "இது நெட்டலையா, குறுக்கலையா" என்று கேட்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லாமல் மணி அடித்துக் காட்டினார். அவர் பயன்படுத்திய அலைகளின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் போய் நின்றது. ஆகவே ஒரு அறைக்குள்ளேயே அவருக்கு உண்மையான அலை கிடைத்தது. இன்னொன்றும் செய்தார். பொறி எழுப்பும் சுருளை உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். சுருளிலிருந்து நேராகக் கசிவது எதுவும் வாங்கும் கருவியை ஏமாற்றிவிடக்கூடாது என்ற கவனம். நம் மைலோ டின் அந்தப் பெட்டியின் தூரத்துச் சொந்தம்.

கண்டுபிடிப்பான் செய்தல்

சுருளின் மின்புலம் எட்டுகிறதா என்று காட்டும் கருவி இது. இரண்டு டயோடு, ஒரு எல்இடி. மூன்றையும் ஒரே திசையில் ஓடும் வளையமாகச் சேருங்கள், ஒன்றின் வால் அடுத்ததன் தலையில். இரண்டு டயோடுகள் சேரும் முனையில் ஒரு சாண் வயர். இது மூக்கு. எல்இடியின் குட்டைக் காலும் டயோடும் சேரும் முனையில் விரல் நீள வயர். இது வால். இதற்கு அவ்ராமென்கோ பிளக் என்று பெயர். ஒரே ஒரு வயரில் எல்இடி எரிவதாகச் சொல்லி வியக்க வைப்பது இதை வைத்துத்தான். மரக்குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள்.

சோதனை 1: கம்பி நீளமா எல்லாம்?

"சுருளின் கம்பி நீளம்தான் அலையின் கால் பங்கு, அதுதான் டெஸ்லா ரகசியம்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. நம் கம்பி 23.8 மீட்டர். நாலால் பெருக்கினால் 95 மீட்டர் அலை, அதாவது 3.15 மெகாஹெர்ட்ஸ்.

ரேடியோவைப் பேட்டரியில் போட்டு, அறையின் மறு மூலையில் வைத்து மெதுவாகத் திருகுங்கள். நீங்கள் தேடுவது சத்தத்தை இல்லை. 'உஷ்' என்ற இரைச்சல் திடீரென்று அடங்கி மௌனமாகும் இடம்தான் சுருளின் இடம். இரண்டு மூன்று இடத்தில் வரும், அவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். அது 3.15-ஓடு ஒத்துப்போவது அரிது.

இப்போது சுவிட்சை அணைத்துவிட்டு அலுமினிய உருண்டையை உச்சியில் செருகி மறுபடி தேடுங்கள். எண் இறங்கியிருக்கும். கம்பியின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அதிர்வெண்ணை முடிவு செய்வது சுருளின் தூண்டலும் அதைச் சுற்றியுள்ள கொள்ளளவும். கம்பி நீளம் அதற்குள் ஒரு பங்கு, அவ்வளவே.

சோதனை 2: ஒற்றைக் கம்பி மின்சாரம்

கண்டுபிடிப்பானின் மூக்கைச் சுருளின் உச்சிக்கு நான்கு விரல்கடை தூரத்தில் பிடியுங்கள். எல்இடி மங்கலாக எரியும் இடத்தில் குச்சியை ஏதாவது ஒரு பாட்டிலில் செருகி அசையாமல் நிறுத்துங்கள். ஒரே வயர், எதுவும் எங்கும் திரும்பிப் போவதாகத் தெரியவில்லை.

ஆஃப் செய்துவிட்டு வாலில் மைலோ டின்னை மாட்டுங்கள். டின் பிளாஸ்டிக் முக்காலிமேல் நிற்கட்டும். மறுபடி ஆன். ஒளி கூடும். இனிமேல்தான் வேடிக்கை. டின்னைத் தொடாமல், உள்ளங்கையை மெதுவாக அதன் பக்கம் கொண்டுபோங்கள். கை நெருங்க நெருங்க எல்இடி பளிச்சிடும். பின்னுக்கு இழுத்தால் மங்கும். பிறகு ஆஃப் செய்து, டின்னை முக்காலியிலிருந்து இறக்கிச் சிமெண்டுத் தரையில் வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், மறுபடி மாறும்.

திரும்பும் வழி இல்லாமல் இல்லை. டின், கை, தரை, பேட்டரி என்று காற்று வழியாகவே ஒரு வட்டம் முடிகிறது. கொள்ளளவு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இந்த ஐந்து நிமிடத்தை நான் பத்துப் பக்கத் தத்துவத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

சோதனை 3: டின்னையும் ஊடுருவுமா?

ஸ்கேலார் அலையை எந்த உலோக அடைப்பும் தடுக்காது என்பது பெரிய வாதம். மைலோ டின்னின் பக்கத்தில் பென்சில் நுழையும் அளவு ஒரு துளை போடுங்கள். உள்விளிம்பைத் தேய்த்துவிடுங்கள், கை கிழியும். கண்டுபிடிப்பானைக் குச்சியோடு உள்ளே வைத்து, எல்இடி துளைக்கு நேரே தெரியும்படி அட்டையால் நிறுத்துங்கள். உள்ளே எந்தச் செம்பும் டின்னைத் தொடக்கூடாது.

மூடி இல்லாமல் வாய்ப்பக்கத்தைச் சுருளுக்கு நேரே காட்டினால் எரியும். மூடியை அழுத்தி மூடினால் அணையும்.

இப்போது துளை வழியாக உறை போட்ட வயர் ஒன்றை நுழைத்து, உள்நுனியை மூக்கோடு முறுக்கிவிட்டு, வெளிநுனியைச் சுருளின் பக்கம் நீட்டுங்கள். மூடி மூடியபடியே இருக்க, உள்ளே எல்இடி மறுபடி எரியும். மங்கலாக இருந்தால் வயரை இன்னும் அருகில் கொண்டுபோங்கள், உச்சியைத் தொட வேண்டாம். பெட்டியை ஊடுருவியதாகக் காட்டும் செயல்விளக்கங்களில் நீங்கள் முதலில் தேட வேண்டியது இந்த வயரைத்தான். "அது வெறும் எர்த் வயர்" என்று சொல்லி மேசைக்கடியில் ஓடும்.

சோதனை 4: அனுப்பியதைவிட அதிகம் வருகிறதா?

ஜெர்மானியப் பேராசிரியர் கான்ஸ்டான்டின் மைல் இரண்டு தட்டைச் சுருள்கள், இரண்டு உருண்டைகள், நடுவே ஒரு வயர் கொண்ட செயல்விளக்கப் பெட்டியைப் பல வருடங்களாகக் காட்டி வருகிறார். அனுப்பும் பக்கத்தைவிட வாங்கும் பக்கம் அதிகம் கிடைக்கிறது, ஒளியைவிட வேகமாகப் போகிறது என்பது அவர் வாதம். இயற்பியல் உலகம் அதை ஏற்கவில்லை. நாம் சின்ன அளவில் செய்து பார்க்கலாம்.

1. பைப், எனாமல் கம்பி, வீட்டு வயர் மூன்றையும் தனியாக வாங்கி, முதல் சுருளைப் போலவே இன்னொரு 300 சுற்றுச் சுருள் செய்யுங்கள். டிரான்சிஸ்டர் வேண்டாம். அடியில் 3 சுற்று வீட்டு வயர், அதன் இரண்டு நுனிக்கும் குறுக்கே ஒரு எல்இடி, எல்இடிக்கு எதிர்த்திசையில் மிச்சமுள்ள டயோடுகளில் ஒன்று.

2. இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். இரண்டாவது சுருளின் கீழ் நுனியை முதலாவதன் பேட்டரி நெகட்டிவோடு வயரால் சேருங்கள்.

3. இரண்டு உச்சியிலும் ஒரே அளவு அலுமினிய உருண்டை. முதல் சுருளை அணைத்துவிட்டு, இரண்டாவதன் உருண்டையைக் கொஞ்சம் கிள்ளியோ கூட்டியோ, மறுபடி ஓட்டிப் பாருங்கள். சரியான அளவில் எல்இடி சட்டென்று எரியும்.

4. வயரைக் கழற்றுங்கள், அணையும். மாட்டுங்கள், எரியும். இதை நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

இப்போது கணக்கு. பேட்டரிப் பக்கம் 9 வோல்ட், மீட்டரில் 0.3 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 2.7 வாட் போகிறது. சிவப்பு எல்இடி முழு வெளிச்சத்தில் எரிய 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும், அதாவது 0.04 வாட். போட்டதில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வரவில்லை. ஆனாலும் கண் கூசும் அளவு எரியும். எல்இடி அவ்வளவு சிக்கனமானது, அதனால்தான் இலவச மின்சாரக்காரர்கள் எல்லோரும் அதையே காட்டுகிறார்கள்.

உங்கள் எல்இடி உண்மையில் எவ்வளவு வாங்குகிறது என்று அறிய, அதே ரகத்தில் இன்னொரு எல்இடியைப் பக்கத்தில் வைத்து, தனி பேட்டரியும் மாறும் ரெசிஸ்டரும் கொண்டு, இரண்டும் ஒரே வெளிச்சம் ஆகும்வரை திருகுங்கள். சுருளை அணைத்துவிட்டு இரண்டாவதன் மின்னோட்டத்தை மட்டும் அளங்கள்.

சுருளின் பக்கத்தில் மல்டிமீட்டரை நீட்டி ஏசி வோல்ட் பார்க்காதீர்கள். மலிவு மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும். 4 மெகாஹெர்ட்சில் அது காட்டும் எண்ணுக்கும் நான்கு இலக்க லாட்டரி எண்ணுக்கும் வித்தியாசமில்லை. டிசியில்கூடச் சில மீட்டர்கள் சுருளின் அருகில் உளறும். அளக்கும் வயரைக் குட்டையாக முறுக்கி, மீட்டரை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

வேகத்தை வீட்டில் அளக்க முயல வேண்டாம். ஒளி மூன்று மீட்டரை 10 நானோ வினாடியில் கடக்கிறது. ஆசிலாஸ்கோப்பின் இரண்டு புரோப் வயர்களில் ஒன்று ஒரு முழம் நீளமாக இருந்தால் அதுவே ஒளியை முந்தவும் பிந்தவும் வைத்துவிடும்.

டெஸ்லா சொன்னது பொய்யா?

இந்தக் கேள்வி எப்படியும் வரும். 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவர் எழுப்பிய மின்னல் உண்மை. 1901-இல் லாங் ஐலண்டில் கட்டத் தொடங்கிய வார்டன்கிளிஃப் கோபுரமும் உண்மை. பணம் நின்றது, 1917-இல் இடித்தார்கள். பூமி வழியாக உலகம் முழுக்க மின்சாரம் அனுப்பலாம் என்ற அவர் கணக்குதான் நிரூபணமாகவில்லை. 1894-இல் அவர் காப்புரிமை வாங்கிய இரட்டைக் கம்பிச் சுருளைச் சிலர் மந்திரம் போலப் பேசுகிறார்கள். அந்தக் காப்புரிமையே அதை மின்காந்தத்துக்கான சுருள் என்றுதான் சொல்கிறது. சுற்றுகளுக்கு இடையே கொள்ளளவைக் கூட்டும் நல்ல யோசனை. மந்திரம் எதுவும் அதில் எழுதப்படவில்லை.

ஏதாவது ஆகிவிட்டால்

சுருள் சுட்டுவிட்டால்: ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசை, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். புள்ளி சின்னதாக இருந்தாலும் ஆழமாக இருக்கும். வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாறினால் கிளினிக்குக்குப் போங்கள்.

வீட்டு மின்சாரத்தில் யாராவது மாட்டிக்கொண்டால்: ஆளைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். 999.

எடுத்து வைக்கும்போது

1. பேட்டரிகளை ஆறையும் கழற்றித் தனி டப்பாவில் போடுங்கள். சுவிட்சை நம்ப வேண்டாம், தம்பி தங்கைகள் கை நீளம்.

2. சுருளின் மேல் நுனியில் ஸ்ட்ரா துண்டு ஒன்றைச் செருகுங்கள். கண்ணில் குத்தாது.

3. நோட்டில் தேதி, பேட்டரி வோல்ட் (ஓடும்போது அளந்தது), ரேடியோவில் கிடைத்த எண், தரை ஈரமா காய்ந்ததா, எந்த வயர் எங்கே இருந்தது என்று எழுதுங்கள். மேசைக்கடியில் ஓடிய வயரையும் சேர்த்து.

பாடாங் செராய் தம்பி இப்போது ஓடும்போதுதான் அளக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 8.9, 8.6, 8.4, 8.1 என்று இறங்கிக்கொண்டே போகிறது. கீழே, "அண்ணே, டின்ன தரையில வெச்சா ஏன் ரெண்டு மடங்கா எரியுது?" என்று ஒரு கேள்வி.